பக்க எண் இல்லாத தாள்கள்

"ஏங்க... நில்லுங்க! அந்தப் புத்தகத்த எங்கிட்டு கொண்டு போறீங்க?"

ஜெபக்குமார் நின்றான். புத்தகத்தை அப்போதுதான் ஜெர்கினுக்குள் செருகியிருந்தான்.

நூலகத்தின் பக்கச் சுவர் மீது புத்தகங்கள் வரிசையாக விரிந்து கிடந்தன. சுவருக்கு அந்தப் புறம் ஒரு பெண். ஒரு கையில் பழந்துணி, மறு கையில் பிரஷ். பச்சை ஸ்வெட்டர். குளிரில் மூக்கு நுனி சிவந்திருந்தது. கண்கள் பெரியவை. அந்த நேரத்தில் அவற்றில் கோபம் மட்டும்தான் இருந்தது.

"மழை வருது. அதான் எடுத்தேன்."

"எங்க மழை? வெயில் அடிக்குது!"

அடித்தது. ஐப்பசி மாதத்தில் வில்பட்டியில் அடிக்கிற வெயில். பூண்டு வயல்களுக்கு மேலே மேகம் இறங்கி நின்றதை அவன் பார்த்திருந்தான். செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கிறவன். நாள் முழுக்க மலை உச்சிகளில் நிற்கிறவனுக்கு அது தெரியும்.

"ஜெர்கினுக்குள்ள எதுக்கு வச்சீங்க?"

"நனைஞ்சிரக் கூடாதுன்னு."

"பிடிபட்டவன் எல்லாம் நல்லா பதில் சொல்லுவான். இது அரசாங்கப் புத்தகம்ங்க. இத நீங்க..."

முடிக்கவில்லை. அவள் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. பெரிய துளி. புருவத்தில் இறங்கி இமையில் தங்கியது. அவள் கண் சிமிட்டினாள்... துளி உடைந்து கன்னத்தில் ஓடியது.

"ஐயோ, என் நாவலு!"

அவள் ஒரு பக்கம் அள்ளினாள். அவன் சுவர் ஏறிக் குதித்து மறுபக்கம் அள்ளினான். சேலைத் தலைப்பை விரித்து அவள் ஏந்த, அவன் அதில் போட்டான். மழை சடசடவென்று பிடித்தபோது கடைசிப் புத்தகமும் உள்ளே போயிருந்தது. இருவரும் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"ஜெர்கின்ல இருக்கிறதயும் குடுங்க" என்றாள்.

கொடுத்தான்.

உள்ளே ஒரே ஒரு வாசகர் இருந்தார். வீரையா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். காலை பத்து மணிக்கு வந்து, பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார்.

"என்னா பிள்ள, கள்ளனப் புடிச்சிட்டியா?" என்றார், பேப்பரைத் தாழ்த்தாமல்.

"கள்ளன் இல்லையாம் மாமா. மழைக்காரராம்."

அவள் பெயர் சத்தியபிரியா. ஆனி மாதம் வத்தலக்குண்டிலிருந்து மாற்றலாகி வந்த நூலகர். மலை அவளுக்குப் பிடித்திருந்தது. மலையின் ஈரம் பிடிக்கவில்லை. நூலகத்தின் வடக்குச் சுவர் எந்நேரமும் ஊறியது. அந்தச் சுவரை ஒட்டித்தான் நாவல் ரேக். எல்லாம் யாரும் கேட்காத நாவல்கள்.

"எல்லாரும் எடுக்கிற புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள், ஒரு அட்டையைத் துடைத்துக்கொண்டே. "நாலு கை பட்டா காத்து போயிரும். யாரும் தொடாம கெடக்கு பாருங்க, அதுலதான் பூசணம் ஏறுது. நல்ல நாவலுங்க எல்லாம். பேருதான் யாருக்கும் தெரியாது."

"வெயில் எப்பவாச்சும்தான வரும்?"

"அதான் பாடு."

அவன் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான். பிறகு சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

"எங்க டவர் ரூம் காய்ஞ்சு கெடக்கும். பேட்டரி சூடு. அங்க வேணா வைக்கலாம்."

அவள் நிமிர்ந்தாள். கோபம் போன பிறகுதான் அந்தக் கண்கள் எவ்வளவு பெரியவை என்று தெரிந்தது. சந்தேகமாகப் பார்த்தாள்... பிறகு சிரித்தாள்.

"திருடனோட கையிலயே சாவியக் குடுக்கச் சொல்றீங்க."

"ம்."

"வீட்ல புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டா? வீட்டம்மா படிப்பாங்களா?"

அவள் பார்வை அவன் விரலில் இருந்த மோதிரத்தில் இருந்தது. சாதாரணமான கேள்விதான். வில்பட்டியில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

"ஊருக்குப் போயிருக்கா" என்றான் ஜெபக்குமார்.

அவன் மனைவி ஆக்ஸிலியா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று கன்னிவாடியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பும்போது அவன் ஆம்புலன்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தான். அவ்வளவுதான். பிறகு இந்தக் கோபுர வேலையைக் கேட்டு வாங்கி மலைக்கு வந்தான். வாடகை வீட்டுக்காரர் முதல் நாள் கேட்டார், "வீட்டம்மா வரலையா?" ஊரில் இருக்கிறாள் என்றான். அது பொய் என்று அப்போது தோன்றவில்லை. அவள் கல்லறை ஊரில்தானே இருந்தது.

இறந்துவிட்டாள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் இந்த மலையில் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

* * *

அதன் பிறகு வாரம் ஒரு முறை வந்தான். ஒரு சாக்கு நாவல்களை ஜீப்பில் ஏற்றிப் போவான். கோபுரத்தின் அடியில் இருந்த தகர அறையில், பேட்டரி அலமாரி மேல் நிறுத்தி வைப்பான். அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவருவான்.

அவள் சும்மா விடவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்பினாள்.

"இது உப்பளத்துல நடக்குது. முதல்ல உப்பு அள்ளுவாங்க, அள்ளுவாங்க, அள்ளிக்கிட்டே இருப்பாங்க. பொறுத்துக்கங்க. அதுக்கப்புறம் கீழ வைக்க மாட்டீங்க."

"நான் காய வைக்கத்தான் கொண்டு போறேன்."

"காயுற நேரத்துல சும்மாதான இருக்கீங்க? படிங்க. இது இருக்கு பாருங்க, சிரிப்புக் கதை. ஆனா அட்டையில ஒருத்தன் அழுதுக்கிட்டு இருப்பான். யாரு வரைஞ்சானோ... அந்த அட்டையே புத்தகத்துக்குப் பகையாப் போச்சு."

படித்தான். வேறு வேலை இல்லை. காலையில் வில்பட்டி டீக்கடையில் பிளாஸ்க்கில் இரண்டு டீ வாங்குவான். கல்யாணமான நாளிலிருந்து, எங்கே இருந்தாலும் இரண்டு டீ. ஒன்றை மேலே போய்க் குடிப்பான். மற்றதை இறங்கும்போது புல்லில் கொட்டுவான். நடுவில் ஜெனரேட்டரைப் பார்ப்பதும், பேட்டரியைப் பார்ப்பதும், மூடுபனி கோபுரத்தை மேலிருந்து விழுங்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதும்தான். இப்போது நாவலும் சேர்ந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"ம்."

"ம்-ன்னா?"

"படிச்சேன்."

"இன்னொரு வார்த்த சேத்துச் சொன்னா வாய் சுளுக்கிக்குமா டவர் சார்?"

வீரையா பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார்.

ஜெபக்குமார் வாசல் வரை போனான். நின்றான். "அந்தப் பொண்ணு ஏன் பஸ்ஸ விட்டு எறங்கல? அவன் அவ்வளவு தூரம் ஓடி வந்தான்ல..."

சத்தியபிரியாவின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. "கேள்வி கேட்டுட்டாருய்யா! மாமா, பாத்தீங்களா, கேள்வி கேட்டுட்டாரு!"

அன்று அவன் நேரம் கழித்துத்தான் கிளம்பினான்.

அவள் அவன் ஜீப் போவதை ஜன்னலில் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே மேசைக்குத் திரும்பினாள். 'என்ன பழக்கம் இது, சத்தியா? மோதிரம் போட்ட மனுஷன். ஊர்ல பொண்டாட்டி இருக்கு...' வீட்டுக்குப் போனதும் அம்மா ராக்கம்மா கேட்டாள், "என்னடி, தோட்டத்து வேலைக்கு நான் போயி வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கேன். நாற்காலியில உக்காந்துட்டு வந்த உனக்கு மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?" ஒண்ணுமில்ல என்றாள். அடுத்த வாரம் அவன் வந்தபோது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினாள். அதற்கு மறுவாரம் முடியவில்லை. பழையபடி பேசினாள்.

கார்த்திகை பிறக்கும்போது ஒரு தகவல் வந்தது. மேலதிகாரி குருநாதன் ஆய்வுக்கு வருகிறார். பரீட்சைக் கைடுகள் வைக்க இடம் வேண்டும். யாரும் எடுக்காத புத்தகங்களையும், கிழிந்தவற்றையும் கழித்துவிட்டு ரேக்கைக் காலி செய்ய வேண்டும்.

"பழைய பேப்பருக்குப் போயிரும்ங்க எல்லாம்" என்றாள் சத்தியபிரியா. குரல் இறங்கியிருந்தது. ஆனால் அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. "அவரு வர்ற அன்னைக்கி ரேக்குல ஒரு நாவலும் இருக்கக் கூடாது. எல்லாம் வெளிய, யாரு கையிலயாச்சும் இருக்கணும். வாசகர்கிட்ட இருக்கிறத எப்படிக் கழிப்பாரு? திரும்பி வந்தா வைக்க இடம் வேணும்ல?"

அன்றிலிருந்து சட்டம் போட்டாள். கைடு ஒன்று கேட்டால் நாவல் ஒன்று கூட வரும். போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பழனிக்குமார் புலம்பினான். "அக்கா, எனக்குப் பொது அறிவு மட்டும் குடுங்கக்கா."

"இதுல இருக்கிறதும் பொது அறிவுதான். பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசுறதுன்னு இருக்கு. எடுத்துட்டுப் போ."

வீரையாவுக்கும் ஒன்று. பேப்பர் படிக்கிறவனுக்கு எதுக்கு இது என்றார். கண்டிப்பாக வேண்டும் என்று கையில் திணித்தாள்.

கடைசி சாக்கை ஜெபக்குமாரிடம் கொடுத்தபோது, மேலே இருந்த ஒரு புத்தகத்தைத் தனியாக எடுத்தாள். 'பேரிக்காய்த் தோட்டத்து வீடு'. மெலிந்த நாவல். அட்டையில் எழுதியவரின் பெயர் பாதி அழிந்திருந்தது.

"இந்த அம்மா இத ஒண்ணுதான் எழுதியிருக்காங்க போல. வேற எங்கயும் பாக்கல. எனக்கு இந்த ரேக்குலயே இதுதான்..." நிறுத்தினாள். "ரொம்ப ஊறிக் கெடக்கு. பாத்துக் காய வைங்க."

பார்த்துத்தான் வைத்தான். ரொம்ப ஊறியது என்பதால் சூடு அதிகமுள்ள இடத்தில், அலமாரியின் காற்று வெளியே வரும் வாயிலுக்கு நேர் எதிரே வைத்தான். அதுதான் தப்பு.

மறுநாள் போனபோது புத்தகம் காய்ந்திருந்தது. முதுகுப் பசை அப்பளமாக வெடித்திருந்தது. தாள்களின் கீழ் ஓரம் முன்பே மக்கியது, இப்போது பொடியாக உதிர்ந்தது. பக்க எண்கள் அந்த ஓரத்தில்தான் இருந்தன. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது காற்று கதவைத் தள்ளியது. தாள்கள் எழுந்தன. அறையைச் சுற்றின. கதவு வழியாகப் போயின.

முட்டைக்கோஸ் வயலிலும், கம்பி வேலியிலும், யூகலிப்டஸ் மரத்தடியிலும் தேடித் தேடிப் பொறுக்கினான். எல்லாம் கிடைத்தது. வரிசைதான் போயிற்று.

சாயங்காலம் நூலகத்தில் அதைப் பிளாஸ்டிக் பையில் வைத்து மேசை மேல் வைத்தான்.

அவள் பையைப் பார்த்தாள். ஒரு தாளை வெளியே எடுத்தாள்.

"நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"பாத்துக் காய வைக்கச் சொன்னீங்க. சூட்டுக்கு நேரா வச்சிட்டேன்."

"இதுதான் பாத்த லட்சணமா? மெஷினுக்கு முன்னாடி வச்சு வாட்டியிருக்கீங்க! புத்தகம்னா என்னன்னு தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்திருக்கணும். என் தலைய நானே அடிச்சிக்கணும்."

கண் நிறைந்துவிட்டது. அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கண்ணீர் விழும் முன் எதையாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. நெடுநாளாக அவனுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை.

"அடுக்கித் தர்றேன்."

"எப்படி? நம்பரே இல்ல."

"படிச்சு."

* * *

வீட்டுத் தரை முழுக்கத் தாள்களைப் பரப்பினான். பூட்ஸை வாசலிலேயே கழற்றி, சாக்கில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். அது ஆக்ஸிலியாவின் சட்டம். ஈரக் காலோடு உள்ளே வந்தால் துடைப்பத்தை எடுத்துவிடுவாள். இந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை. சட்டம் மட்டும் கூட வந்திருந்தது.

கதை எளிமையானது. மலைச் சாலை போடும் கூலிக்காரன் சின்னான். மனைவி பாக்கியம். ஒரு துரையின் பேரிக்காய்த் தோட்டத்துக்குக் காவலாக, தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது. சண்டை போடுவார்கள், காய் பறிப்பார்கள், குளிர் காய்வார்கள். பாதியில் பாக்கியம் இறந்துவிடுவாள். மீதி, சின்னான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகிறானா இல்லையா என்பது.

ஒரு தாளின் கடைசி வாக்கியத்துக்கும் இன்னொரு தாளின் முதல் வாக்கியத்துக்கும் பொருத்தம் பார்த்து அடுக்கினான். விடுமுறை நாள் முழுக்க அடுக்கினான். அடுப்பு பற்ற வைக்கவில்லை. முடித்தபோது முழங்கால் மரத்திருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. எந்தத் தாளில் தொடங்கியது என்று தெரியவில்லை.

* * *

சத்தியபிரியா ஊசி நூலோடு காத்திருந்தாள். தைப்பதற்கு முன் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அவளுக்கு அந்த நாவல் மனப்பாடம். தாள்களை வேகமாகப் புரட்டினாள். தலையாட்டினாள். அவன் எதிரே நின்றான்.

"பரவாயில்லையே... டவர் சார், அசத்திட்டீங்க. ஒரு எடம்கூட..."

நின்றாள். ஒரு தாளை முன்னும் பின்னும் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, இதக் கேளுங்க! பாக்கியத்தப் பொதச்சிட்டு, 'மழையில் நனைந்தபடி சின்னான் வீடு வந்து சேர்ந்தான்'. சரியா? அடுத்த தாளு என்னன்னா... 'ஈரக் காலோடு உள்ளே வராதே என்று எத்தனை தடவை சொல்வது? பாக்கியம் கத்தினாள். கத்திக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டாள்.' செத்தவ எந்திரிச்சு வந்து சோறு போடுறா மாமா!"

வீரையாவும் சிரித்தார். கைடு படித்துக்கொண்டிருந்த பழனிக்குமார்கூடச் சிரித்தான். "பேய்க் கதையாக்கிட்டீங்களேண்ணே!"

"இது முன்னாடி, ரோடு வேலையில நனைஞ்சிட்டு வருவான்ல, அங்க வரணும்ங்க" என்றாள் சத்தியபிரியா, இன்னும் சிரித்துக்கொண்டே. "எப்படிங்க தோணுச்சு இப்படி வைக்க? பொதச்சிட்டு வந்தா வீட்ல அவ எப்படி இருப்பா?"

"இருப்பா" என்றான் ஜெபக்குமார்.

குரலில் கோபம் இல்லை. அதுதான் எல்லாருடைய சிரிப்பையும் நிறுத்தியது.

"எனக்கு அது தப்பாத் தெரியல" என்றான். சாக்கை எடுத்தான். அதில் எதுவும் இல்லை. மடித்து வைத்துவிட்டு வெளியே போனான்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை.

* * *

சத்தியபிரியா ஜன்னலைப் பார்க்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். சாலையில் காரட் லாரிகள் போயின. பனி போயிற்று, வந்தது. ஜீப் வரவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு சிரிப்புக்கு இவ்வளவு ரோஷமா? வர்றவரு வரட்டும். நான் போயிக் கெஞ்சணுமா?

பிறகு மேசையில் கிடந்த தாள்களை எடுத்தாள். அவன் வைத்த வரிசையிலேயே ஒரு தடவை படித்தாள். சின்னான் புதைத்துவிட்டு நனைந்து வருகிறான். உள்ளே அவள் கத்துகிறாள். சோறு போடுகிறாள். அவன் சாப்பிடுகிறான். அடுத்த தாளில் விடிகிறது. அவன் தனியாக எழுந்து அடுப்பைப் பார்க்கிறான். அடுப்பில் பூனை படுத்திருக்கிறது.

தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

ஊருக்குப் போயிருக்கா...  முதல் நாள் மழையில் அப்படித்தான் சொன்னார். தீபாவளிக்கு முந்தின நாள் வீரையா மாமா கேட்டபோதும் சொன்னார். ஊருக்குப் போன மனைவியிடமிருந்து ஒரு போன் வந்து அவள் பார்த்ததில்லை. நாள் முழுக்க டவருக்குக் கீழேயே நிற்கிற மனுஷன்!

"மாமா" என்றாள். "நான் ஒரு கோட்டிக்காரி மாமா. புத்தி கெட்டவ."

"இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றார் வீரையா. பிறகு பேப்பரைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். "வெரசா போ பிள்ள. நான் பாத்துக்கிறேன். மழைக்கு முன்ன போயிரு."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கிளம்பினாள். மழைக்கு முன் போக முடியவில்லை.

* * *

கோபுரத்தின் அடியில் தகர அறைக் கதவு திறந்திருந்தது. ஜெபக்குமார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஒற்றையடிப் பாதையில் ஒரு கறுப்புக் குடை ஏறி வந்தது. குடைக்கும் பாதைக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. குடை இரண்டு தடவை புரண்டது.

அவன் எழுந்தான். போய்க் கையைக் கொடுத்தான். அவள் கையைப் பிடிக்கவில்லை. நெஞ்சோடு அணைத்திருந்த பையைத்தான் முதலில் நீட்டினாள்.

"இத மொதல்ல பிடிங்க. நான் விழுந்தாப் பரவாயில்ல."

உள்ளே வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மழை தகரத்தில் கொட்டியது. பையைப் பிரித்தான். நாவல் புத்தகமாக இருந்தது. முதுகில் புது நூல், அட்டைக்குப் பழுப்புக் காகித உறை.

"நாளைக்குக் குருநாதன் சார் வர்றாரு" என்றாள் அவனைப் பார்க்காமல். "ரேக்குல இது ஒண்ணுதான் மிச்சம். யாராச்சும் எடுக்கணும். உங்க பேர்ல எழுதிக்கிறேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி."

"அதுக்கு மட்டும் வரல." மூச்சு வாங்கினாள். "அன்னைக்கி நான் சிரிச்சிருக்கக் கூடாது. உங்க வரிசையிலயே தைச்சிட்டேன்ங்க. மாத்தல."

அவன் புத்தகத்தைப் புரட்டினான். புதைத்த தாள். அடுத்து, ஈரக் காலோடு உள்ளே வராதே. அப்படியே இருந்தது.

"ஆய்வுல கண்டுபிடிச்சா?"

"கதை மாறிக் கெடக்குன்னு கண்டுபிடிக்கணும்னா அவரு இதப் படிக்கணும். படிச்சா எனக்குச் சந்தோஷம்தான்."

அவன் உதட்டோரம் அசைந்தது. பிறகு நின்றது. அந்தத் தாளின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டான்.  அவளுடைய பெரிய கண்கள் அவன் முகத்திலேயே இருந்தன. அவசரம் இல்லாத கண்கள். சொன்னால் கேட்கும், சொல்லாவிட்டால் காத்திருக்கும்...

"பிரிச்சிருவோம்" என்றான்.

"ஏங்க? கஷ்டப்பட்டுத் தைச்சேன்."

"தாளு அங்க வராது."

"வந்தா என்ன?"

"வராது. அவ செத்துட்டா."

அவன் புத்தகத்தை மூடினான்.

"ஆக்ஸிலியா" என்றான். "என் வீட்டுக்காரி. ஊருக்குப் போகல. செத்துட்டா. ரெண்டு வருஷமாச்சு."

சொல்லிவிட்டான். கூரை இடியவில்லை. பேட்டரி அலமாரி எப்போதும் போல் முனகிக்கொண்டிருந்தது.   சத்தியபிரியா நின்ற இடத்திலிருந்து ஓரடி அவன் பக்கம் வந்து நின்றாள். அதுவே போதுமானதாக இருந்தது.

அவன் டூல் பையிலிருந்து கம்பி வெட்டும் கட்டரை எடுத்தான். ஒவ்வொரு தையலாக, நூலை வெட்டினான். தாளை உருவி முன்னால் கொண்டுபோய், சின்னான் சாலை வேலையில் நனைந்து திரும்பும் இடத்தில் வைத்தான். பாக்கியம் உயிரோடு கத்தினாள். உயிரோடு சோறு போட்டாள். அங்கே அது இன்னும் நன்றாக இருந்தது.

"ஊசி வச்சிருக்கீங்களா?"

"சேலையில குத்தியிருக்கேன். எங்கம்மா பழக்கம்."

தரையில் உட்கார்ந்தார்கள். அவன் தாள்களை அழுத்திப் பிடித்தான், அவள் தைத்தாள். நூல் இரண்டு தடவை நழுவியது.

"ஒண்ணு சொல்லவா?" என்றாள் தையலைப் பார்த்துக்கொண்டே. "உங்களுக்குக் குடும்பம் இருக்குன்னு நெனச்சு, இத்தன வாரமா என்னைய நானே எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? வெக்கமில்லையாடி, வேற சோலி இல்லையாடின்னு... ஜன்னல் தெரியாம நாற்காலியக்கூடத் திருப்பிப் போட்டேன்."

அவன் நிமிர்ந்தான். அவள் காது மடல் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"திருப்பிப் போட்டும் பாத்தீங்களா?"

"கழுத்து வலிச்சதுதான் மிச்சம்."

ஜெபக்குமாருக்கு அதிகம் பேச வராது. வார்த்தைகளைத் தேடினான். படித்த நாவல்களில் நிறைய இருந்தன. எதுவும் உதவவில்லை.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, சத்தியபிரியா. அவளையும் மறக்க முடியாது. ரெண்டும் இருக்கு. இப்ப அவ்வளவுதான் சொல்லத் தெரியுது."

ஊசி நின்றது.

"யாரு மறக்கச் சொன்னா?" என்றாள் மெதுவாக. "மறந்திருந்தா அந்தத் தாளு சரியான எடத்துல வந்திருக்கும். எனக்கும் உங்களத் தெரிஞ்சிருக்காது." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஆனா எங்கம்மாகிட்ட நீங்கதான் வந்து பேசணும். சர்ச்சுக்குப் போற வேதக்கார மாப்பிள்ளைன்னு கேட்டதும் சட்டியத் தூக்கிக்கிட்டு வரும். நான் பின்னாடி நிப்பேன்."

"வர்றேன்."

"கால் நல்லாத் துடைச்சிட்டு வாங்க. அதுவும் ஈரக் காலோட வந்தா கத்தும்."

அவன் சிரித்தான். சத்தமாக இல்லை. ஆனால் சிரிப்புதான்.

அவள் கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள். வெளியே மழை குறைந்து பனி எழும்பிக்கொண்டிருந்தது. அவன் பிளாஸ்க்கைத் திறந்தான். மூடியில் ஒரு டீ, டம்ளரில் ஒரு டீ ஊற்றினான். டம்ளரை அவள் பக்கம் தள்ளினான்.

"நான் வர்றது தெரியாதே... ரெண்டு டீ எதுக்கு வாங்குனீங்க?"

"தினமும் ரெண்டுதான்."

அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள்.

அன்று இறங்கும்போது புல்லில் கொட்ட எதுவும் இருக்கவில்லை.